கையில் ஓட்டர் ஐடி இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: வழக்கறிஞர் பதில்

கேள்வி: வணக்கம். புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். இரண்டு வருடமாக வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் மகளும் அப்போதே ஓட்டர் ஐடியில் முகவரியை மாற்றிவிட்டோம். அத்தை மட்டும், "பழைய இடத்துக்கே திரும்பப் போறோம், எனக்கு எதுக்கு மாத்தணும்" என்று விட்டுவிட்டார். அவருக்கு வயது 72. 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கையில் இருக்கும் ஓட்டர் ஐடியைக் காட்டி ஓட்டுப் போட முடியாதா? மாமனாரின் பின்னி மில் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அது உதவுமா? இன்னொன்று. வீட்டுக்காரர் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்ட். ஆதாரைக் கட்டாயமாக்கி பூத்தில் கைரேகையும் வைத்தால்தான் கள்ள ஓட்டு ஒழியும் என்கிறார். மகள் காலேஜில் இதே தலைப்பில் விவாதப் போட்டிக்குத் தயாராகிறாள். அப்பா சொல்வதற்கு அவள் நேர் எதிர். தினமும் சாப்பிடும் நேரத்தில் சண்டை. யார் சொல்வது சரி?
வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் அத்தை விஷயம். அதற்குத்தான் நாள் கணக்கு இருக்கிறது.

ஓட்டர் ஐடியை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே ஓட்டு என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு சொல்கிறது. பட்டியலில் உள்ள அந்தப் பெயருக்குரிய ஆள் இவர்தான் என்று காட்டுவது மட்டுமே அட்டையின் வேலை. லேமினேட் செய்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பூத் வாசலில் கலங்கி நிற்கும் பெரியவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு இந்த விஷயத்தை அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் இப்போதே கேட்டது நல்லதாயிற்று.

பெயர் எப்படிப் போனது என்று ஊகிக்க முடிகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு பழைய முகவரிக்குப் போயிருப்பார். அங்கே கட்டடமே இல்லை. படிவம் நிரம்பித் திரும்பவில்லை, பெயரும் வரைவுக்கு வரவில்லை. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு தனியாக வெளியிட்டிருக்கிறார்கள். அதில் அத்தையின் பெயருக்கு நேராக "இடம் மாறியவர்" என்று இருக்கிறதா, "கண்டறிய முடியாதவர்" என்று இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஒருவேளை "இறந்தவர்" என்று இருந்தால் அத்தையை நேரில் அழைத்துப்போய் நிறுத்துவது நல்லது.

இப்போது செய்ய வேண்டியது படிவம் 6. அதோடு, வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் இந்தத் தீவிரத் திருத்தத்துக்கென்று (எஸ்.ஐ.ஆர்.) கொடுக்கும் உறுதிமொழிப் படிவமும் சேர வேண்டும். படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது ஆயிற்றே, இத்தனை வருடம் ஓட்டுப் போட்டவர் அதையா நிரப்புவது என்று அத்தை கோபப்படலாம். கோபம் நியாயமானது. ஆனால் வரைவில் பெயர் விட்டுப்போனவருக்கு அதுதான் வழி. பி.எல்.ஓ.விடமோ, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இருக்கும் வாக்காளர் பதிவு அலுவலரிடமோ கொடுக்கலாம், இணையத்திலும் போடலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பி.எல்.ஓ. யார் என்று தெரியாவிட்டால் வாக்காளர் உதவி எண்ணான 1950-க்குப் போன் செய்து கேளுங்கள்.

உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கட்டம் முக்கியம். 2002, 2005 ஆண்டுகளில் நடந்த தீவிரத் திருத்தப் பட்டியலில் அவர் பெயர் எங்கே இருந்தது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று கேட்பார்கள். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேடும்போது இன்றைய தொகுதிப் பெயரை வைத்துத் தேடி ஏமாந்துவிடாதீர்கள். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்பு கொளத்தூர், திரு.வி.க. நகர் என்றெல்லாம் தொகுதிகள் கிடையாது. புரசைவாக்கம், பூங்கா நகர் என்று அப்போது இருந்த தொகுதிகள் இன்று இல்லை. அதனால் பழைய தொகுதிப் பெயர்களில் ஒவ்வொன்றாகத் திறந்து, தெருப் பெயரையும் பிளாக் எண்ணையும் பார்த்து இறங்க வேண்டும். பெயரை மட்டும் தட்டித் தேடினால் பல சமயம் அகப்படாது. அந்தக் காலத்துப் பட்டியலில் எழுத்துப் பிழைகள் அதிகம். கணவர் பெயரோடும் வயதோடும் சேர்த்து, வரிசையாகக் கண்ணால் படித்துத்தான் பிடிக்க முடியும். மகளின் கண்ணுக்கும் பொறுமைக்கும் இது நல்ல வேலை. விவாதத்துக்கு எந்தப் புத்தகமும் தராத பாடமும் அதில் கிடைக்கும்.

பழைய பட்டியலில் கிடைக்கவே இல்லையென்றால் ஆவணம் கேட்பார்கள். அத்தை 1.7.1987-க்கு முன் பிறந்தவர் என்பதால் தன்னைப் பற்றிய ஒரு ஆவணம் கொடுத்தால் போதும், பெற்றோருடையது தேவையில்லை. மாமனாரின் பின்னி மில் அட்டை இங்கே உதவாது. அது மாமனாருடையது, மில்லும் தனியார் மில். 1987 ஜூலைக்கு முந்தைய ஆவணம் என்றால் அரசு, உள்ளாட்சி, வங்கி, தபால் நிலையம், எல்.ஐ.சி., பொதுத்துறை நிறுவனம் இவற்றில் ஒன்று கொடுத்ததாக இருக்க வேண்டும். அத்தை பெயரில் அந்தக் காலத்துத் தபால் சேமிப்புப் புத்தகம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். அதைவிடப் பெரிய ஆவணம் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணைதான் அது. அரசு வழங்கிய வீட்டு ஒதுக்கீட்டுச் சான்று தேர்தல் ஆணையத்தின் ஆவணப் பட்டியலில் இருக்கிறது. வடசென்னையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தக் காகிதம் மஞ்சள் பையில் மடித்துக் கிடக்கிறது. எங்கோ வாரிய அலுவலகத்துக்கு மட்டும் காட்ட வேண்டியது என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். ஆணை அத்தையின் பெயரில் இருந்தால் நகல் எடுத்து இணையுங்கள்.

ஆதாரையும் கொடுங்கள். 2025 செப்டம்பர் 8 அன்று, பீகாரில் நடந்த இதே தீவிரத் திருத்தம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்கச் சொன்னது. இங்கும் அந்தப் பட்டியலில் ஆதார் இருக்கிறது. ஆனால் ஆதார் இன்னார் என்று காட்டுவதற்கு மட்டுமே, குடியுரிமைக்குச் சான்று ஆகாது. ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. அதனால் ஆதாரோடு நிறுத்திவிடாமல் இன்னொன்றும் சேருங்கள்.

எந்த முகவரியில் சேர்ப்பது? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் அத்தையின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. தற்காலிகமாக வீட்டை விட்டு வெளியே இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் அல்லாமல் போய்விட மாட்டார் என்கிறது அந்தப் பிரிவு. "திரும்பத்தானே போறோம்" என்று அத்தை சொன்னது சட்டத்துக்கு அந்நியமான பேச்சு அல்ல. இருந்தாலும் என் ஆலோசனை, வியாசர்பாடி முகவரியிலேயே சேருங்கள். இல்லாத கட்டடத்தில் எந்த அலுவலரும் போய் விசாரிக்க முடியாது. புது வீடு கிடைத்து சாவி வாங்கிய பிறகு படிவம் 8 போட்டு மாற்றிக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்திருக்க மாட்டீர்கள், நம் பக்கம் யார் செய்கிறார்கள். கேஸ் ரசீதோ வங்கிப் புத்தகமோ போதும். எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது, அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்று படிவம் 6-லேயே இருக்கிறது.

நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் ஆணை கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு உண்டு, அங்கும் சரியாகாவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது கோரிக்கைக் காலம் முடிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். இறுதிப் பட்டியல் வந்த பிறகும் பெயர் சேர்க்கலாம், வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் வரை பட்டியல் திறந்துதான் இருக்கும். ஆனால் ஆட்சேபணைக்கு ஒரு வாரம் விட்டாக வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் போட்டால் பயனில்லை.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது, அதை மகள் மதிக்க வேண்டும். பூத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும், பட்டியலில் எத்தனை இறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கல்யாணமாகிப் போன பெண் எத்தனை இடத்தில் இருக்கிறாள் என்று. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த முறை தமிழ்நாட்டில் சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்களில் 97 லட்சத்துக்கும் மேல் வரைவுக்கு வரவில்லை. சென்னையில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த "இடம் மாறியவர்" கணக்குக்குள் உங்கள் அத்தையும் இருக்கிறார். மாறியது அவர் வீடு, அதுவும் அரசு இடித்ததால். அவர் ஊரை விட்டுப் போகவில்லை, குடியுரிமையை விடவில்லை.

என் கவலை எல்லாம் இந்த இடத்தில்தான். பட்டியலில் இருக்கும் ஒரு பெயரை, அவர் இங்கே வசிக்கவில்லை என்று சொல்லி எடுப்பதற்கு முன், அவரை அழைத்துக் கேட்க வேண்டும் என்று 1950 சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பெயரை லேசாக எடுத்துவிட முடியாது, முறையான நோட்டீசும் விசாரணையும் வேண்டும் என்று 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. தீவிரத் திருத்தத்தில் வரைவுக்குள் வந்துவிட்ட பெயருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நோட்டீஸ், விசாரணை, காரணம் எழுதிய ஆணை இல்லாமல் அதை எடுக்க முடியாது. படிவம் திரும்பாததால் வரைவுக்கே வராமல் போன பெயருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கிடையாது. நாற்பது வருடம் ஓட்டுப் போட்டவர், தான் நீக்கப்பட்டதைத் தானே தேடிக் கண்டுபிடித்து, புதிய ஆள்போல மனுப் போட வேண்டியிருக்கிறது. தேர்தல் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்யும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால், படிவம் வராத ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு குறுஞ்செய்தியும் தபாலில் ஒரு கடிதமும் போய்ச் சேர்ந்த பிறகே பெயரை விடலாம் என்று எழுதுவேன். மகள் விவாதத்தில் பேச வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அடையாள அட்டையே ஏழைகளுக்கு எதிரானது என்று ஆரம்பித்தால் அப்பாவே மடக்கிவிடுவார்.

ஏனென்றால் நம் பூத்தில் அடையாள விதி அவ்வளவு கொடுமையானது அல்ல. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993-ல் புகைப்பட அட்டை வந்தது. இன்று அது இல்லாவிட்டாலும் ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று 12 ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். 2024 மக்களவைத் தேர்தலில் இதுதான் விதி. கட்சிக்காரர்களோ அலுவலரோ கொடுக்கும் பூத் சிலிப் மட்டும் போதாது. ரேஷன் ஸ்மார்ட் கார்டும் அந்தப் பட்டியலில் கிடையாது, நம் பகுதிப் பெண்கள் பலர் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அட்டையில் சின்ன எழுத்துப் பிழை இருந்தால், ஆள் இவர்தான் என்று தெரியும்போது அதைப் பொருட்படுத்தக் கூடாது என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் 2022-ல் சட்டம் கொண்டுவந்து, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாக இங்கிலாந்து முழுவதும் போட்டோ அட்டை கேட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வராதவர்கள் சுமார் 14,000 பேர் என்று அவர்களுடைய தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. மகள் இந்த எண்ணை மேடையில் சொல்லலாம். ஆனால் இங்கே 12 வாசல் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கைரேகை யோசனையை நான் ஏற்கமாட்டேன். காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களின் விரல்களை உங்கள் வீட்டுக்காரர் பார்த்திருப்பார். கத்தியும் உப்புத் தண்ணீரும் ஐஸும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையில் மெஷின் எடுக்காமல், தலைமுடியில் விரலைத் தேய்த்து மறுபடி மறுபடி வைக்கிறார்கள். அங்கே இன்று எடுக்காவிட்டால் நாளை வரலாம். ஓட்டுப்பதிவு ஒரே நாள், மாலையோடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் மெஷின் மறுத்தால் யார் பொறுப்பு?

ஆதார் இணைப்பைப் பற்றி இரண்டு பேருமே பாதிதான் தெரிந்து பேசுகிறார்கள் போலிருக்கிறது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேர்தல் சட்டத் திருத்தம் அதற்கு வழி செய்தது. ஆதார் எண்ணைத் தெரிவிக்கும் படிவம் 6பி அப்படி வந்ததுதான். ஆனால் தக்க காரணத்தால் ஆதார் தர முடியாத ஒருவரின் பெயரைச் சேர்க்க மறுக்கவோ நீக்கவோ கூடாது என்று அதே திருத்தத்தில் இருக்கிறது. இணைப்பு கட்டாயம் இல்லை என்று 2023-ல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதற்கும் முன்பு, 2015 மார்ச்சில், ஆதாரை வைத்துப் பட்டியலைச் சுத்தம் செய்யும் திட்டம் ஒன்று தொடங்கி, உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அப்புறம் தமிழருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரே பெண் ஓட்டர் ஐடியில் "செல்வி", ஆதாரில் "செல்வி கு", பேங்கில் "கே செல்வி", கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் மாறியிருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டால், வியாசர்பாடியில் பாதித் தெரு நிற்காது.

கள்ள ஓட்டுக்கு இருக்கும் விதிகளையே பூத் ஏஜெண்டுகள் சரியாகப் பயன்படுத்துவதில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் நான் ஜூனியர் வக்கீல். வண்ணாரப்பேட்டையில் ஒரு பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். வாக்குச் சீட்டுக் காலம், அட்டை எல்லோரிடமும் இருக்காது. ஒரு பாட்டி வந்தார். எதிர்க் கட்சி ஏஜெண்ட், "இவங்க அந்தப் பேரு இல்லை" என்று எழுந்து இரண்டு ரூபாய் கட்டினார். அதுதான் ஆட்சேபணைக் கட்டணம், இன்றும் இரண்டு ரூபாய்தான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "இவங்களை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நாலைந்து பேர் ஒரே குரலில், "எங்க தெரு இட்லிக் கடை ஆயா சார்" என்றார்கள். பாட்டி சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த கசங்கிய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் கை நடுங்கியது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஓட்டுப் போட்டார். இரண்டு ரூபாய் திரும்பி வரவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த விதி ஆளைத் தடுக்கவும் வழி வைத்திருந்தது, ஆளைக் காப்பாற்றவும் வழி வைத்திருந்தது. அதற்கு மேல் ஒருவருடைய ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டிருந்தால் தேர்தல் நடத்தை விதிகளின் 49-P விதிப்படி டெண்டர் ஓட்டு, அதாவது தனி வாக்குச் சீட்டில் போடும் ஓட்டுக் கேட்கலாம். ஆள் இவர்தான் என்று தெரிந்தால் மறுக்க முடியாது.

பணம் கொடுத்து வாங்கும் ஓட்டை எந்த அட்டையும் தடுக்காது என்பதையும் வீட்டுக்காரர் யோசிக்கட்டும். 2017 ஏப்ரல் 12 நடக்க வேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமாக ஏப்ரல் 9 இரவு ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்றுதான் ஓட்டுப்பதிவு நடந்தது. அங்கே ஓட்டர் ஐடி இல்லாததால் வந்த பிரச்சினை அது இல்லை.

அவருக்கு ஒரு வேண்டுகோள். ஏஜெண்ட் என்ற முறையில் படிவம் 7 போட்டுப் பெயர் நீக்கக் கேட்கும்போது, பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் ஒரு பெயரையும் எழுத வேண்டாம். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் 1950 சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. அதோடு, அவர் பகுதியில் இடித்த குடியிருப்புகளிலிருந்து வாடகை வீடுகளுக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அத்தைக்குப் படிவம் வாங்கும்போது இன்னும் பத்து படிவம் சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். பழைய பிளாக்கின் அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று அந்த விடுபட்டோர் பட்டியலில் மகள் பார்க்கட்டும்.

விசாரணைக்கு அழைத்தால் அசல் ஆவணங்களோடு அத்தையும் ஒருவர் துணைக்கும் போங்கள். ஒதுக்கீட்டு ஆணையை லேமினேட் செய்துவிடாதீர்கள், முத்திரை மங்கிவிடலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும்.